கொழும்பு மறைமாவட்டத்தின் வாழ்வும் பணியும்: தமிழ்நிலை நின்று ஒரு நோக்கு

1

ஈழத்துக் கிறித்தவரின் தமிழ்ப்பணி பற்றி இதுவரை எழுந்த ஆய்வுகள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தையும் மன்னாரையும் மையமாகக் கொண்டே அமைந்துள்ளன. சுவாமி ஞானப்பிரகாசர், தனிநாயகம் அடிகள் ஆகியோரின் புலமைப் பணியும், 1876 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கப்பெற்ற 'சத்தியவேத பாதுகாவலன்' பத்திரிகையும், வடபுலக் கடலோரக் கிராமங்களின் கூத்து மரபும் இவ்வாய்வுகளில் மீண்டும் மீண்டும் எடுத்துரைக்கப்படுகின்றன. இது நியாயமானதே. ஆயின், கொழும்பு மறைமாவட்டம் தமிழாய்வின் எல்லைக்குள் வருவது அரிது. அது சிங்களக் கத்தோலிக்கத்தின் தலைமைப்பீடம் என்ற பொதுவான எண்ணமே இதற்குக் காரணமாதல் கூடும். கொட்டாஞ்சேனையிலும் கொச்சிக்கடையிலும் வெள்ளவத்தையிலும் தமிழிற் செபித்து, தமிழிற் பாவசங்கீர்த்தனம் செய்து, தமிழில் இறந்தோரை அடக்கம் செய்யும் மக்களின் வரலாறு இந்த எண்ணத்தினால் மறைந்து போகின்றது.

ஒரு மறைமாவட்டத்தின் வரலாற்றை ஆயர்களின் வரிசையாகவும், எழுப்பப்பட்ட ஆலயங்களின் பட்டியலாகவும் எழுதுவது யூபிலி மலர்களின் வழக்கம். அம்மலர்களின் பயனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், ஒரு சமய நிறுவனத்தின் 'பணி' என்பதை அதன் சொந்தக் கூற்றுகளைக் கொண்டு மாத்திரம் அளந்துவிட முடியாது. அது எந்த மொழியில் மக்களோடு பேசிற்று, எவ்வர்க்கத்தாரின் வாழ்வோடு தன்னைப் பிணைத்துக்கொண்டது, எப்பொழுது குரலெழுப்பிற்று, எப்பொழுது மௌனம் காத்தது என்பன போன்ற வினாக்கள் எழுப்பப்படல் வேண்டும். இக்கட்டுரை அவ்வினாக்களைக் கொழும்பு மறைமாவட்டத்தின் தமிழ்ப் பகுதியை முன்னிறுத்தி எழுப்புகின்றது.

2

கொழும்பின் கத்தோலிக்கம் போர்த்துக்கேயருடன் வந்தது என்பது உண்மை. அது போர்த்துக்கேயருக்குப் பின்னும் நிலைத்தமைக்குரிய காரணம் வேறு. 1656 இல் கொழும்பு ஒல்லாந்தர் வசமாயிற்று. 1658 இல் கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலமளிப்போர்க்கு மரண தண்டனை விதிக்கும் கட்டளை பிறந்தது. அரசின் அரவணைப்பில் வளர்ந்த ஒரு சமயம் அரசின் பகையை எதிர்கொண்டபோது அதனைக் காத்தவர்கள் மீனவரும் சிறுவணிகரும் கூலியாட்களுமே. குருக்கள் இல்லாத கிராமங்களில் 'அண்ணாவி'யும் 'மூப்பு'வும் செபங்களை நடத்தினர். இவ்விரு தமிழ்ச் சொற்களும் சிங்களக் கத்தோலிக்கரின் வழக்கிலும் நிலைபெற்றமை மனங்கொள்ளத்தக்கது. மேற்குக் கரையின் கத்தோலிக்கம் தமிழ் வழியாகவும் சிங்களத்துக்குச் சென்றது என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

இப்பகைப்புலத்திலேயே கோவாவிலிருந்து வந்த ஒரற்றோரியன் சபைக் குருக்களின் பணியை நோக்குதல் வேண்டும். 1687 இல் யோசேவ் வாஸ் அடிகள் இலங்கை வந்தார். 1711 இல் கண்டியிற் காலமானார். ஐரோப்பிய அரசு எதனது ஆதரவும் அவருக்கு இருக்கவில்லை. 1995 இல் காலிமுகத்திடலில் அருளாளராகவும், 2015 இல் அதே திடலிற் புனிதராகவும் அவர் உயர்த்தப்பட்டார். ஆயினும் மொழி, இலக்கிய நோக்கில் அவருக்குத் துணையாக 1705 இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளே நமது கவனத்துக்கு மிகவும் உரியவர். கொங்கணியைத் தாய்மொழியாகக் கொண்ட இவர் சிங்களத்திலும் தமிழிலும் எழுதினார். 'தேவ அருள் வேத புராணம்', 'சுவிசேட விரித்துரை', 'வியாகுலப் பிரசங்கம்', 'கிறிஸ்தியானி ஆலயம்' என்பன இவரது தமிழ் ஆக்கங்களுட் சில. 1742 இல் நீர்கொழும்புக்கு அண்மையிலுள்ள போலவத்தையில் இவர் காலமானார்.

இவரது சமகாலத்தவரான வீரமாமுனிவரைத் தமிழிலக்கிய வரலாறு விரிவாகப் போற்றுகின்றது. கொன்சால்வெஸ் அடிகளுக்கு அவ்வரலாற்றில் ஓரிரு வரிகளே கிடைக்கின்றன. இவ்வேறுபாட்டின் காரணம் ஆராயத்தக்கது. வீரமாமுனிவர் காப்பியம், இலக்கணம், அகராதி எனப் புலவர் மரபு மதிக்கும் துறைகளில் நின்றார். கொன்சால்வெஸ் அடிகளோ, குருவானவர் வராத ஞாயிற்றுக்கிழமையில், எழுத்தறிந்த ஒருவர் வாசிக்க எழுத்தறியாத பலர் கேட்கும் ஒரு சூழலுக்காக உரைநடை எழுதினார். கேட்போருக்காக எழுதப்பட்ட உரைநடை அது. பக்தியைத் துயரத்தின் வழியாக நெஞ்சிற் பதிப்பது அதன் நோக்கம். தமிழ் உரைநடையின் தோற்றத்தை அச்சு யந்திரத்தோடும் பத்தொன்பதாம் நூற்றாண்டோடும் மாத்திரம் தொடர்புபடுத்தி எழுதுவோர் இந்த வாய்மொழி வாசிப்பு மரபைக் கணக்கிலெடுத்தல் வேண்டும். புலவரின் அங்கீகாரத்தை அளவுகோலாகக் கொள்ளும் இலக்கிய வரலாறு, மக்களின் பயன்பாட்டை அளவுகோலாகக் கொள்ளாமையின் விளைவே இப்புறக்கணிப்பு எனலாம்.

இக்காலப் பணியின் தனித்தன்மை யாதெனில், ஒரே குருவானவர் இரு மொழிகளையும் சமநிலையிற் பயின்றமையாகும். சிங்களமும் தமிழும் ஒரே மேசையில் எழுதப்பட்டன. பின்னைய நூற்றாண்டுகள் இதனைக் காத்தனவா என்பதே நமது அடுத்த வினா.

3

பிரித்தானியர் ஆட்சியிற் சமயத் தடைகள் நீங்கின. 1834 இல் இலங்கை கொச்சியிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனித் திருச்சபை ஆட்சிப் பகுதியாயிற்று. 1840களில் யாழ்ப்பாணம் தனியாகப் பிரிந்தது. 1886 செப்டெம்பர் 1 ஆம் நாள் கொழும்பு உயர் மறைமாவட்டமாக நிறுவப்பட, அமலமரித் தியாகிகள் சபையினரான கிறிஸ்தோப் பொன்ஜான் ஆண்டகை அதன் முதற் பேராயரானார். 1893 இல் காலி, திருகோணமலை மறைமாவட்டங்களும் 1939 இற் சிலாப மறைமாவட்டமும் தோற்றம் பெற்றன. கொட்டாஞ்சேனைப் புனித லூசியாள் பேராலயம் பேராயரின் ஆசனக் கோயிலாயிற்று. 1865 இல் தொடங்கிய புனித ஆசீர்வாதப்பர் கல்லூரியும் அதே கொட்டாஞ்சேனையில் எழுந்தது.

மறைந்து வாழ்ந்த திருச்சபை இப்பொழுது மாநகரின் உயர்ந்த மாடக் கோபுரத்தின் கீழ் வந்தது. இம்மாற்றம் வெற்றியாகவே விவரிக்கப்படுவது வழக்கம். ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. அரசின் நன்கொடைப் பாடசாலை முறை, பிரெஞ்சு, இத்தாலியக் குருக்களின் தலைமை, ஆங்கிலக் கல்வியின் செல்வாக்கு ஆகியன மறைமாவட்டத்தைக் குடியேற்ற நாட்டுச் சமுதாய அமைப்பின் உறுப்பாக்கின. பௌத்தரிடையே எழுந்த மறுமலர்ச்சி இதனை எதிர்கொண்டபோது மோதல் தவிர்க்கமுடியாததாயிற்று. 1883 மார்ச் 25 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, மிகெட்டுவத்தே குணானந்த தேரரின் கொட்டாஞ்சேனைத் தீபதுத்தாராம விகாரையை நோக்கிச் சென்ற பௌத்த ஊர்வலம் கத்தோலிக்கரால் தாக்கப்பட்டது. நவீன இலங்கையின் முதலாவது பெரிய சமயக் கலவரம் இதுவேயெனக் கருதப்படுகின்றது. ஒல்கொற் போன்றோரின் முயற்சியினால் 1885 இல் வெசாக் பொது விடுமுறையாக்கப்பட்டமை இதன் தொடர்விளைவுகளுள் ஒன்று.

இக்கலவரத்திற் கலந்துகொண்டோர் இரு பக்கத்தும் பெரும்பாலும் எளிய மக்கள். துறைமுகத்தையும் கடலையும் நம்பி வாழ்ந்தவர்கள். அவர்களுக்கிடையிலான பொருளாதார முரண்பாடு பெரிதன்று. இருந்தும் சமய நிறுவனங்களின் மதிப்புப் போட்டி அவர்களது மெய்யான பகையாயிற்று. 1883 இன் உயிர்த்த ஞாயிறும், அதே வட்டாரத்தில் 136 ஆண்டுகளின் பின் வந்த இன்னோர் உயிர்த்த ஞாயிறும் ஒன்றுக்கொன்று நேரடித் தொடர்பற்றவை. எனினும் சமய அடையாளத்தின் பெயரால் எளியோர் பலியாகும் வரலாறு இந்நகரில் நீண்டது என்பதை அவை இரண்டும் உணர்த்துகின்றன.

4

மேற்குக் கரையின் மொழிமாற்றம் இம்மறைமாவட்ட வரலாற்றின் மிகச் சிக்கலான அத்தியாயமாகும். நீர்கொழும்பிலிருந்து வடக்கே சிலாபம், புத்தளம் வரையிலான கரையோரத்திற் கத்தோலிக்க மீனவர் பலர் தமிழ் பேசியவர்கள். ஒரு நூற்றாண்டுக்குள் அவர்களுட் பெரும்பாலோர் சிங்களம் பேசுவோராகவும், தம்மைச் சிங்களவராகவே கருதுவோராகவும் மாறினர். நீர்கொழும்பு மீனவரிடையே எஞ்சியுள்ள தமிழ், சிங்களத்தின் வாக்கிய அமைப்பை உள்வாங்கிய தனியொரு கிளைமொழியாக மொழியியலாளரால் ஆராயப்பட்டுள்ளது.

இம்மாற்றத்தைத் திருச்சபையின் திட்டமிட்ட சதியாகக் காண்போர் உளர். அவ்விளக்கம் போதாது. சந்தையும் குடிப்பெயர்வும் கலப்புமணமும் இதில் தத்தம் பங்கை வகித்தன. 1940களின் நடுப்பகுதியிலிருந்து சுயமொழிக் கல்வி விரிந்தபோது, பாடசாலையின் போதனாமொழி எதுவோ அதுவே அடுத்த தலைமுறையின் இனமாகவும் ஆயிற்று. 1956 இன் தனிச் சிங்களச் சட்டத்தின் பின் அரசாங்க உத்தியோகத்தின் வாயில் எம்மொழியில் திறக்கும் என்பதிற் பெற்றோருக்கு ஐயமிருக்கவில்லை. ஆயினும் அப்பிரதேசத்துப் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை நடத்தியது திருச்சபையே. போதனாமொழியைத் தேர்ந்த முடிவில் அதற்குப் பங்குண்டு. வழிபாட்டுக்குத் தமிழ்ச் செபங்களை வைத்துக்கொண்டு, வாழ்வுக்குச் சிங்களத்தைக் கற்பித்தது. கொன்சால்வெஸ் அடிகளின் மேசையில் அருகருகே இருந்த இரு மொழிகளும் இவ்வாறு பிரிந்தன.

குருமாணவர் கல்வியிலும் இதே நிலையைக் காண்கின்றோம். தமிழாய்வை உலக அரங்குக்குக் கொண்டுசென்ற தனிநாயகம் அடிகள் 1930களின் முற்பகுதியிற் கொழும்புப் புனித பேர்ணாட் குருமடத்திற் பயின்றவர். பின் உரோமாபுரி சென்று குருவானார். ஆனால் தமிழை அவர் முறையாகவும் ஆழமாகவும் கற்றது தமிழகத்து வடக்கன்குளத்திலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலுமாகும். இலத்தீனும் ஆங்கிலமும் குருத்துவப் பயிற்சியின் தூண்களாயிருந்தன. மக்களின் மொழி தானாகவே வந்துசேரும் எனக் கருதப்பட்டது. தமிழுக்கு அவர் ஆற்றிய பணியைத் திருச்சபையின் பெருமையாக எடுத்துரைப்போர், அத்தமிழ்ப் புலமையைத் தேடி அவர் எங்குச் செல்ல வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துரைத்தல் நேர்மையாகும்.

5

இந்நூற்றாண்டின் முன்னைய நூற்றாண்டிலே கொழும்பிற் புதியதொரு சமூக சக்தி தோன்றியது. அது தொழிலாளர் வர்க்கம். 1923 இன் பொதுவேலைநிறுத்தமும், 1933 இன் வெள்ளவத்தை நெசவாலைப் போராட்டமும் அதன் எழுச்சியைக் காட்டின. இன்று உத்தியோகத்தரும் வணிகரும் வாழும் தமிழ்ப் பிரதேசமாக அறியப்படும் வெள்ளவத்தை, இடதுசாரி இயக்கத்தின் தொட்டில்களுள் ஒன்றாகவும் இருந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டனர். இவ்வெழுச்சியை மறைமாவட்டத் தலைமை ஐயத்தோடும் அச்சத்தோடுமே நோக்கிற்று. பீற்றர் பிள்ளை அடிகள் போன்றோர் சமூகநீதி பற்றிய பாப்பரசர்களின் போதனையை முன்வைத்து, மார்க்சியத்துக்கு மாற்றொன்றைத் தேடினர். அம்முயற்சியின் நேர்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் நாத்திகத்தை எதிர்ப்பதிற் செலவிட்ட ஆற்றலிற் சிறுபகுதியையேனும் கூலியைப் பற்றிப் பேசுவதிற் செலவிட்டிருப்பின், கொட்டாஞ்சேனைத் துறைமுகத் தொழிலாளிக்கும் பங்குக் கோயிலுக்கும் இருந்த உறவு வேறாக அமைந்திருக்கும்.

1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. பெற்றோர் பாடசாலைகளுட் புகுந்திருந்து எதிர்த்தனர். இறுதியில், நகர்ப்புறத்துப் பெருங் கல்லூரிகள் சில தனியார் நிறுவனங்களாகத் திருச்சபையிடமே எஞ்சின. சிறு பங்குப் பாடசாலைகள் அரசிடம் சென்றன. கல்வியைத் தேசியமயமாக்கல் முற்போக்கான நடவடிக்கை என்பதே நமது கருத்து. ஆனால் அதன் நடைமுறை பேரினவாத அரசியலின் நிழலில் நிகழ்ந்தமையால் சிறுபான்மையினர் அதனைத் தம்மீதான தாக்குதலாகக் கண்டனர். இவ்விரு உண்மைகளுள் ஒன்றை மாத்திரம் கூறுவது வரலாறாகாது.

1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம் இலத்தீனை இறக்கி மக்கள் மொழியைப் பீடத்தில் ஏற்றியது. அதன் ஒளியில் இம்மறைமாவட்டத்தில் எழுந்த சிந்தனையாளருள் திஸ்ஸ பாலசூரிய அடிகள் முதன்மையானவர். அக்குவைனாஸ் கல்லூரியின் தலைமையை விட்டு 1971 இற் சமூக, சமய ஆய்வு நிலையமொன்றைக் கொழும்பில் நிறுவினார். வறுமை, இனப்பிரச்சினை, சமயங்களின் உறவு என்பவற்றை இறையியலின் வினாக்களாக்கினார். மரியாளும் மானிட விடுதலையும் பற்றி அவர் எழுதிய நூலுக்காக 1997 ஜனவரியில் திருச்சபையினின்று விலக்கப்பட்டு, ஓராண்டின் பின் மீண்டும் ஏற்றுக்கொள்ளப்பட்டார். தன் மிகச் சுதந்திரமான குரலைத் தானே விலக்கிப் பின் தானே மீட்டுக்கொண்ட ஒரு நிறுவனத்தின் உள்முரண்பாடு இதில் தெளிவாகின்றது.

6

இனப்போரின் காலத்தில் இம்முரண்பாடு உச்சமடைந்தது. 1983 ஆடிக் கலவரத்திற் கொழும்புத் தமிழர் வீடிழந்து அகதிகளாயினர். கத்தோலிக்கர் என்பதால் எவரும் தப்பவில்லை. கொலைஞர் வினவியது மொழியையே. பின்னைய ஆண்டுகளில் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோர் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை விடுதிகளில் நிறைந்தனர். 2007 ஜூன் 7 ஆம் நாள் அவ்விடுதிகளிலிருந்து 300க்கு மேற்பட்ட தமிழர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வவுனியா உள்ளிட்ட இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். உயர் நீதிமன்றம் தலையிட்டு அதனை நிறுத்திற்று.

ஒரே திருச்சபை இப்போரை இரு மொழிகளில் இரு வேறு போராகக் கண்டது. 1995 ஜூலை 9 ஆம் நாள் யாழ்ப்பாணத்து நவாலியில் புனித பேதுருவானவர் ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தோர்மீது விமானக் குண்டு வீழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அது தெற்கின் பங்குகளில் நம் ஆலயம் தாக்கப்பட்டது என்ற உணர்வை எழுப்பவில்லை. மன்னார் ஆயராயிருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 இல் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் 1,46,679 பேரின் கதி யாதென வினவினார். 2012 இல் ஜெனீவாத் தீர்மானத்தை அவரும் வடபகுதிக் குருக்கள் பலரும் வரவேற்றனர். கொழும்புப் பேராயர் மல்கம் ரஞ்சித் கர்தினால் அதனை அந்நியத் தலையீடாகக் கண்டித்தார்.

2019 ஏப்பிரல் 21 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டி ஆலயத்திலும், மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்திலும், கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்நாட்களில் முஸ்லிம் மக்கள்மீது பழிவாங்கல் நிகழாதிருக்கக் கர்தினால் எடுத்த நிலைப்பாடு பாராட்டுக்குரியது. 1883 இன் கொட்டாஞ்சேனையை நினைப்போருக்கு அதன் பெறுமதி இன்னும் தெளிவாகும். உளவுத்தகவல் முன்கூட்டியே கிடைத்தும் அரசு செயற்படவில்லை என்பதை 2023 ஜனவரி 12 ஆம் நாள் உயர் நீதிமன்றம் தீர்ப்பால் உறுதிசெய்து, முன்னாள் சனாதிபதி உட்படப் பொறுப்புடையோர் நட்டஈடு செலுத்தப் பணித்தது. அதற்கு முன்னர், உள்நாட்டு விசாரணையில் நம்பிக்கையிழந்த கர்தினால் 2022 மார்ச்சில் ஜெனீவாவுக்கே சென்று மனித உரிமைப் பேரவையின் முன் நீதி கோரினார்.

இவ்விரு ஜெனீவாக்களையும் அருகருகே வைத்து நோக்குதல் எவரையும் இகழ்தற்கன்று. 2022 இன் கோரிக்கை நியாயமானது. அது நியாயமானதாயின், 2012 இல் முள்ளிவாய்க்காலின் தாய்மார் கோரியதும் அதே நியாயத்தின்பாற்பட்டதே. சொந்தப் பங்கில் இரத்தம் சிந்திய பின்னரே அரசின் நீதியில் ஐயம் பிறக்கின்றதெனில், அதற்கு முன் 'நம் மக்கள்' என்ற சொல்லின் எல்லை எங்கே வரையப்பட்டிருந்தது என்பதே வினா. கத்தோலிக்கம் என்ற சொல்லின் பொருளே பொதுமை என்பதாகலின், இவ்வினா திருச்சபைக்கு வெளியிலிருந்து எழுவதன்று. அதன் பெயருக்குள்ளிருந்தே எழுவது.

7

இத்துணையும் தலைமையை முன்னிறுத்தி நோக்கினோம். பங்குகளின் அன்றாட வாழ்வு வேறொரு காட்சியை அளிக்கின்றது. கொச்சிக்கடைத் திருத்தலத்துக்குச் செவ்வாய்க்கிழமைகளில் வருவோருட் கத்தோலிக்கர் அல்லாதார் பலர். சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அங்கு வழிபாடு நிகழ்கின்றது. கடலோடியும் கடைச் சிப்பந்தியும் ஒரே சுரூபத்தின் முன் நிற்கின்றனர். வெள்ளவத்தைப் புனித லோறன்ஸ் ஆலயத்தை அடுத்த தெருக்களில், இராமகிருஷ்ண மிசனும் கொழும்புத் தமிழ்ச் சங்கமும் இருக்கும் அதே சூழலில், கத்தோலிக்கத் தமிழர் தம் மொழியின் பொதுவாழ்விலும் பங்குகொள்கின்றனர். பரதரும் கொழும்புச் செட்டிகளும் மலையகத்து வழிவந்தோரும் வடபுலத்தாரும் ஒரே திருப்பலியிற் கூடுகின்றனர். சாதியும் பிரதேசமும் இங்கு முற்றாக ஒழிந்துவிட்டன என நாம் கூறமாட்டோம். ஆனால் கூடும் வாய்ப்பேனும் உண்டு. நாட்டின் சனத்தொகையில் ஏறத்தாழ 6 வீதத்தினரேயான கத்தோலிக்கர், இரு மொழிப் பெருஞ் சமூகங்களையும் தம்முள் அடக்கிய ஒரே பெரிய சமயத்தவர் என்பது சாதாரண விடயமன்று.

இவ்வமைப்பே மறைமாவட்டத்தின் உண்மையான செல்வம். இதனை அது பயன்படுத்திற்றா? ஒரே ஆலயத்திற் சிங்களப் பூசை முடிந்தபின் தமிழ்ப் பூசை தொடங்குகின்றது. முன்னையோர் வெளியேறும் வாயிலால் பின்னையோர் நுழைகின்றனர். மொழியுரிமை என்ற அளவில் இது மதிக்கத்தக்கது. ஆனால் ஒரு சாராரின் துயரம் மறுசாராரின் மன்றாட்டில் இடம்பெறாதவரை, ஒரு கூரை இரு திருச்சபைகளை மூடியிருக்கின்றது என்றே கொள்ளல் வேண்டும்.

கொழும்பு மறைமாவட்டத்தின் பணி பற்றிய வரலாறு இனி எழுதப்படும்போது மூன்று கடமைகள் நிறைவேற்றப்படல் வேண்டும். கொன்சால்வெஸ் அடிகளின் தமிழ் உரைநடை முறையாகப் பதிப்பிக்கப்பட்டு, அவரது சிங்கள ஆக்கங்களோடு ஒப்பிட்டு ஆராயப்படல் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ், சிங்களத் துறைகள் இணைந்து செய்யவேண்டிய பணி இது. மேற்குக் கரையின் தமிழ்ச் செபங்களும் கிளைமொழியும், அவற்றை நினைவிற்கொண்ட முதிய தலைமுறை மறையுமுன் பதிவாக்கப்படல் வேண்டும். மூன்றாவதாக, குருமாணவர் இரு மொழிகளையும் சடங்குக்காகவன்றி, மக்களின் வழக்கையும் வலியையும் அறிவதற்காகப் பயிலல் வேண்டும். ஒல்லாந்தரின் மரண தண்டனைச் சட்டத்தின் நிழலிலே, கைவிளக்கின் ஒளியில், கோவாவிலிருந்து வந்த ஒருவரால் அது இயன்றது. சுதந்திர நாட்டில், பேராலயத்தின் மின்விளக்கின் கீழ் அது இயலாது என்பதற்குக் காரணம் கூறுவது எளிதன்று.